என் பேரில் திறந்த கதவு

மார்ச் 3, செவ்வாய்

மறுபடியும் ஒரு பாத்திரம் கரி. வேலை முடிந்து படியேறும்போதே தீய்ந்த வாடை. இவர் சமையலறையில் பனியனோடு நின்று நாரைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். டீ போட வைத்தாராம், மறந்துவிட்டாராம். பஸ் டிப்போவில் விடியற்காலை ஷிப்ட் பார்க்கிற மனுஷன் மத்தியானம் வந்தால் பேசாமல் படுத்துத் தூங்க வேண்டியதுதானே. இத்தனை வருஷமாக மத்தியானத்தில் டீயே குடிக்காதவருக்கு இப்போது புதுசாக என்ன டீ? எஞ்சினைப் பிரித்து மாட்டத் தெரிகிறது, அடுப்பை அணைக்கத் தெரியவில்லையா என்று கத்தினேன். வயசாகிறது இல்லையா என்று சிரித்தார். பாவம், எனக்குத்தான் வாய் நீளம்.

ஆபீஸில் பள்ளிக்கூடக் கட்டடத்தின் மாடிப்படி வரைபடம் ஒரு வழியாக முடிந்தது. படியின் அகலத்தைக் கூட்டச் சொல்லி மூன்று தடவை திருத்தம். திருத்தி, சர்வரில் போட்டு, சைட்டுக்கும் தகவல் சொல்லியாயிற்று. இனி அவர்கள் பாடு.

மார்ச் 9, திங்கள்

மானேஜர் கூப்பிட்டார். சைட்டில் பழைய அகலத்துக்கே படிக்குப் பலகை அடித்துக் கம்பியும் கட்டிவிட்டார்களாம். இப்போது எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். மேஸ்திரிமேல் தப்பில்லை, சர்வரில் இருந்ததே பழைய வரைபடம்தான் என்றார். இருக்கவே முடியாது என்றேன். கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். வியாழக்கிழமை யாரோ புதிய வரைபடத்தின்மேல் பழையதை எழுதியிருக்கிறார்கள். யார் எழுதியது என்கிற இடத்தில் என் பேர்.

நான் இல்லை என்று சொன்னேன். சர்வர் பொய் சொல்லுமா என்று கேட்டார். வியாழக்கிழமை என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். எல்லா நாளும் போல இருந்தது.

மார்ச் 10, செவ்வாய்

நான் இல்லை. நான் இல்லவே இல்லை.

மார்ச் 18, புதன்

இன்றைக்கு ஜன்னல் அளவுகள். மீசை கேட்டார், ஜன்னல் ஃபைல் எங்கே என்று. (எங்கள் வரைவறையில் நாங்கள் மூன்று பேர்: நான், மீசை, போன வருஷம் சேர்ந்த சுருட்டை. சுருட்டைக்கு இந்தப் பேர் வைத்தது நான்தான், அவள் தலைமுடியைப் பார்த்தால் யாரும் வைப்பார்கள்.) தேடினோம். இல்லை. புதிதாக வந்திருக்கிற சிஸ்டம்காரர் பார்த்துவிட்டு, அழித்தது நான் என்றார். அந்த மனுஷன் பேசுவதே காதில் விழாது, இதை மட்டும் அறை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

சுருட்டை என் முகத்தைப் பார்க்கவில்லை. மீசை மட்டும், பரவாயில்லை விடுங்க, பழைய காப்பியிலிருந்து எடுத்துக்கலாம் என்றார். ஆறுதல் சொல்கிறாராம். செய்யாத தப்புக்கு ஆறுதல் வாங்குவது எவ்வளவு கேவலமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்தால் வீட்டின் மாற்றுச் சாவி சர்க்கரை டப்பாவுக்குள். யார் வைத்தது என்றேன். நான்தான், கைநிறையப் பை இருந்துச்சு, எங்கயோ வச்சுட்டேன் என்றார் இவர். இரண்டு பேரில் ஒருவருக்காவது மூளை ஒழுங்காக இருக்க வேண்டாமா என்று ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன். ஆபீஸ் கோபமெல்லாம் இவர் தலையில்.

மார்ச் 27, வெள்ளி

மூன்றாவது. ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் தண்ணீர்க்குழாய் ஃபோல்டர் முழுசாகக் காணோம். அரை நாள் தேடி, பள்ளிக்கூட ஃபோல்டருக்குள் கண்டெடுத்தார்கள். நகர்த்தியது யார்? கேட்கவே வேண்டாம்.

மானேஜர் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன், எனக்கா தெரியாது. ஆனால் இரக்கப்பட்டார். உடம்பு ஏதாவது சரியில்லையா, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்றெல்லாம் கேட்டார். இறுதி வரைபடம் எதையும் இனி நான் தொட வேண்டாமாம். மாதக் கடைசியில் மேலிடத்தோடு பேச வேண்டியிருக்குமாம். விருப்ப ஓய்வு என்று ஒரு சொல் சொன்னார். யாருடைய விருப்பம்?

நான் சொன்னது இவ்வளவுதான்: "சார், நான் இல்ல. யாரோ என் பேர்ல பண்றாங்க."

சொல்லி முடித்ததும்தான் உறைத்தது. அது என் குரல் இல்லை, அம்மாவின் குரல். அம்மாவும் இப்படித்தான் சொல்வாள். புடவைக்குள் சுருட்டி வைத்த பால் கவரை எடுத்துக் காட்டினால், நான் இல்லடி, யாரோ வந்து வச்சிட்டுப் போறாங்க என்பாள். அழமாட்டாள், சாதிப்பாள். அவள் சாதிக்கச் சாதிக்க எனக்கு எரிச்சல்தான் வரும். கடைசி வருஷம் என்னை டீச்சர் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுப்பாடம் முடித்துவிட்டேன், வீட்டுக்குப் போகட்டுமா என்று கேட்பாள்.

அவளுக்கு அது ஆரம்பித்தபோது இப்போது எனக்கு ஆகிற வயசுதான்.

ஏப்ரல் 2, வியாழன்

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? ஆபீஸில் ஃபைலை அழிக்கிறேன், அழித்தது நினைவில்லை என்றா? அம்மாவைக் குளிப்பாட்டிய கை இவருடையதும்தான். அதை மறுபடி ஒரு தடவை செய்யச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

எனக்கு நானே பரீட்சை வைத்துக்கொள்கிறேன். கூடப் படித்தவர்கள் பேரெல்லாம் வந்துவிட்டது. இந்தத் தெருவில் இந்தப் பக்கம் யார் யார் வீடு, வந்துவிட்டது. நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டேன் — வந்தது, ஆனால் கொஞ்ச நேரம் கழித்து வந்தது. எல்லாருக்கும் அப்படித்தான் வருமோ? யாரைக் கேட்பது? எழுந்து போய் அடுப்பைப் பார்த்தேன். அணைந்திருந்தது. திரும்ப வந்து உட்கார்ந்ததும், பார்த்தேனா என்று சந்தேகம். மறுபடி போனேன்.

இப்படியே போனால் பைத்தியம் பிடிப்பதற்கு வியாதியே தேவையில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

ஒன்று தோன்றுகிறது. என் பாஸ்வேர்டு யாருக்கோ தெரிந்திருந்தால்?

பழைய சிஸ்டம்காரர் வேலையை விட்டுப் போகிற அன்று விளையாட்டாக ஒன்று சொன்னார். சர்வருக்கு நீங்கள் வைத்திருக்கிற பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிடாதீர்கள், மாற்றினால் ஊரே உங்களைத் திட்டும் என்று. அந்த மனுஷன் எதைத்தான் ஒழுங்காகச் சொன்னார், இதுவும் ஒரு கேலி என்று விட்டுவிட்டேன். மாற்றவும் இல்லை. எனக்கும் சோம்பேறித்தனம்.

இன்று மாற்றினேன். யாராவது திருடினால் திருடட்டும் பார்ப்போம். இரண்டு தடவை தப்பாக அடித்தேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

ஒன்றும் ஆகவில்லை. யாரும் திட்டவும் இல்லை. திருடன் இருந்திருந்தால் இன்று முழித்திருப்பானே, எல்லோரும் எப்போதும் போலத்தான் வேலை பார்த்தார்கள். அப்படியானால் திருடன் கிடையாது. நான்தான்.

நாளைக்கு மானேஜரிடம் நானே போய் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். அவர்கள் தள்ளுவதற்குள் நாமே இறங்கிக்கொள்வது மேல்.

ஏப்ரல் 8, புதன்

எப்படி எழுதுவது இதை. கை ஓடவில்லை.

காலையில் கரண்ட் போய் வந்தது. எங்கள் மூன்று மேஜையிலும் இருப்பது வெறும் திரையும் கீபோர்டும்தான். மூலையில் உறுமிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய மெஷினுக்குள் அவரவர் பேரில் நுழைந்துதான் எல்லோரும் வரைகிறோம். வரைபடங்களோ கீழ்த்தளத்துச் சர்வரில் இருக்கின்றன. கரண்ட் வந்து அந்த மெஷின் எழுந்தது. ஆனால் யாருக்கும் ஒரு ஃபோல்டரும் திறக்கவில்லை. எனக்கு, மீசைக்கு, சுருட்டைக்கு — ஒருத்தருக்கும் இல்லை. சர்வர் நன்றாகத்தான் ஓடுகிறது, உள்ளே விடத்தான் மாட்டேன் என்கிறது.

சிஸ்டம்காரர் வந்து குடைந்தார். ரொம்ப நேரம் ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, மேடம், சமீபத்துல பாஸ்வேர்டு மாத்துனீங்களா என்று கேட்டார். இதுவும் என் தலையிலா? ஆமாம் என்றேன்.

"இந்த மெஷின் எப்ப அணைஞ்சு எந்திரிச்சாலும் சர்வர்கிட்டப் போயி, உங்க பேரையும் உங்க பாஸ்வேர்டையும் சொல்லிக் கதவத் திறந்து வச்சுக்குது மேடம். அப்புறம் யாரு உக்காந்து வேலை செஞ்சாலும் அந்த ஒரே கதவு வழியாத்தான் போறாங்க. சர்வருக்கு நீங்க மூணு பேரும் ஒரே ஆளு. அந்த ஆளு நீங்க."

எனக்குப் புரியவில்லை, திரும்பச் சொல்லச் சொன்னேன். பழையவர் எனக்கு எல்லா ஃபோல்டருக்கும் அனுமதி இருப்பதைப் பார்த்துவிட்டு, வேலை சுலபமாக முடிய என் பேரையே போட்டு இணைத்துவிட்டுப் போயிருக்கிறார். புதியவர் சர்வரில் இருந்த பேரை நம்பினாரே தவிர, அந்தப் பேர் எந்த வழியாக வந்தது என்று பார்க்கவில்லை. அதை அவரே சொன்னார், மன்னிச்சிடுங்க என்று. திறந்த கதவு மூடாத வரைக்கும் பழைய பாஸ்வேர்டே போதுமாம். கரண்ட் போய்க் கதவு மூடியதும்தான் மாட்டிக்கொண்டது.

மாடிப்படிப் பக்கம் போய் அழுதேன். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதேன். இத்தனை நாளும் என்னை நானே கொன்றுகொண்டிருந்தேனே. அம்மா இல்லை. அம்மாவுக்கு வந்தது எனக்கு இல்லை.

ஏப்ரல் 9, வியாழன்

சுருட்டை என் மேஜைக்கு வந்து நின்றாள். மாடிப்படி அவள் செய்ததுதான். தன்னிடம் இருந்த பழைய காப்பியைப் பள்ளிக்கூட ஃபோல்டர்மேல் அப்படியே கொட்டியிருக்கிறாள். சர்வரே உங்க பேரச் சொல்லுச்சு, அப்போ நான் இல்லைன்னு நம்பிட்டேன்கா என்றாள். அழுகிறவளை எங்கே திட்டுவது. ஜன்னல் மீசையுடையது, தலையைச் சொறிந்துகொண்டே ஒப்புக்கொண்டார்.

தண்ணீர்க்குழாய் ஃபோல்டருக்கு மட்டும் யாரும் சொந்தம் கொண்டாடவில்லை. போகட்டும், யாரோ கை தவறி இழுத்திருப்பாங்க என்றார் மானேஜர். என்னிடம் மன்னிப்பும் கேட்டார், எல்லார் முன்னாலும்.

இவரிடம் இன்றுதான் முழுக் கதையும் சொன்னேன். சிரித்துச் சிரித்துச் சொன்னேன். இவர் சிரிக்கவில்லை. நல்லதாப் போச்சு என்று மட்டும் சொல்லிவிட்டு என் கையை ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 15, புதன்

புது ஏற்பாடு இன்றிலிருந்து. இனிமேல் அந்த மெஷின் என் பேரைச் சொல்லி எல்லோரையும் உள்ளே விடாது. கதவு பொதுதான், ஆனால் ஆளாளுக்கு ஒரு சாவி. அவரவர் உட்கார்ந்ததும் தன் பாஸ்வேர்டைக் கொடுத்தால், அவருக்கென்று தனியாக வைத்துக்கொண்டு அவர் பேரிலேயே சர்வரிடம் பேசுமாம். கொடுக்காதவருக்கு அனுமதி இல்லை.

காலையில் மூன்று பேருக்குமே அனுமதி இல்லை என்றுதான் வந்தது. மீசை கத்திய கத்தலைப் பார்க்க வேண்டுமே. பிறகு சாவி கொடுத்து உள்ளே போனால், சுருட்டைக்குப் பாதி ஃபோல்டர் திறக்கவில்லை. அக்கா பேர்ல இருந்தப்ப எல்லாமே திறந்துச்சு என்று புலம்பல். இருக்கும் இருக்கும், என் பேரில் எல்லோரும் நன்றாகத்தான் வாழ்ந்தீர்கள் என்றேன்.

சும்மா ஒரு கோடு போட்டுச் சேமித்துப் பார்த்தேன். என் பேர். மீசை போட்டார். மீசை பேர். சின்னப் பிள்ளை மாதிரி எனக்கு அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் போலிருந்தது.

ஏப்ரல் 30, வியாழன்

இவர் இன்றைக்கும் பாத்திரத்தைக் கரியாக்கி வைத்திருக்கிறார். டாக்டரிடம் காட்ட வேண்டியது இவரைத்தான்.

மே 12, செவ்வாய்

ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் வார்டுக் கதவுகள் எல்லாம் பழைய இடத்துக்கே போய்விட்டன. புதிய வரைபடத்தின்மேல் யாரோ பழையதை எழுதியிருக்கிறார்கள். நல்லவேளை, சைட்டுக்குப் போகும் முன் மீசை பார்த்துவிட்டார். சர்வரில் என் பேர்.

சிரித்தேன். சிஸ்டம்காரரைக் கூப்பிட்டு, உங்க கதவு மறுபடியும் என் பேர்ல திறந்துகிச்சு பாருங்க என்றேன். பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். தன் பேரில், மீசை பேரில், சுருட்டை பேரில் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். எல்லாம் அவரவர் பேரில்தான் விழுந்தது. எப்போதையும்விட மெல்லப் பேசினார்.

"கதவு சரியாத்தான் இருக்கு மேடம். இது உங்க சாவி."

வேறு யாராவது என் மேஜையில் உட்கார்ந்திருப்பார்கள் என்றேன். குரல் ஏறிவிட்டது. யாரோ வந்து... என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

டீ நேரத்தில் சுருட்டை என் பின்னாலேயே வந்தாள். மானேஜரிடம் சொல்ல மாட்டேன் என்று முதலிலேயே சொன்னாள். நேற்று நான் சேமித்தபோது அவள் என் பக்கத்தில்தான் நின்றாளாம்.

"இது பழசாச்சேன்னு கேட்டேங்கா. எனக்குத் தெரியாதா, இதுதான் புதுசுன்னு அதட்டினீங்க. நானும் சரின்னு விட்டுட்டேன்."

அந்தப் பேச்சு நடந்ததே எனக்கு நினைவில்லை. அவள் நின்றதும் நினைவில்லை, அதட்டியதும் நினைவில்லை. அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. மங்கலாகக்கூட இல்லை.

மே 13, புதன்

தண்ணீர்க்குழாய் ஃபோல்டர். அதுவும் நானா?

மே 17, ஞாயிறு

போன ரெண்டு மாதத்து எரிச்சலையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் வீட்டை விட்டுக் கடைசியாகக் கிளம்புகிறவள் நான். மத்தியானம் முதலில் வீட்டுக்கு வருகிறவர் இவர். இவர் மத்தியானத்தில் டீ குடிக்கிறவர் இல்லை.

கேட்டுவிட்டேன். மத்தியானத்தில் நீங்கள் எப்போதாவது டீ போட்டிருக்கிறீர்களா என்று. சாவியை டப்பாவில் வைத்தது நீங்கள்தானா என்றும் கேட்டேன். சட்டைக் கையை மடிப்பதும் பிரிப்பதுமாக உட்கார்ந்திருந்தார். போன மழைக்காலத்திலிருந்தே நான் இப்படித்தானாம். முதல் தடவை நடந்த அன்று இவர் வீட்டுக்கு வந்தபோது அடுப்பு எரிந்துகொண்டே இருந்திருக்கிறது, பாத்திரத்தின் அடி சிவந்து கிடந்திருக்கிறது. அணைத்துவிட்டுத் தேய்த்து வைத்திருக்கிறார்.

"அம்மா மாதிரின்னு நீ பயந்துடுவன்னுதான் சொல்லல. நான்னு சொன்னா ரெண்டு திட்டோட போயிடும்ல."

எனக்கு வந்ததே கோபம். என்னை முட்டாளாக்கி விட்டீங்களே, செய்யாததுக்கெல்லாம் உங்கள வாய்க்கு வந்தபடி திட்ட விட்டீங்களே, ஒரு நாள் நீங்க வர லேட் ஆயிருந்தா வீடே எரிஞ்சிருக்குமே என்று கத்தினேன். இவர் தலைகுனிந்தபடியே இருந்தார். கத்தி முடித்ததும் பயம் வந்தது. பயம் என்றால் அப்படி ஒரு பயம். இவர் மடியில் முகத்தை வைத்துக்கொண்டேன். எனக்கு அது வேண்டாம், வேண்டாம் என்று அழுதேன். வேண்டாம் என்றால் போகிற விஷயமா அது.

ஆபீஸில் எல்லார் தப்பும் என் பேரில் கிடந்தது. வீட்டில் என் தப்பெல்லாம் இவர் பேரில் கிடந்திருக்கிறது.

மே 26, செவ்வாய்

டாக்டரம்மா ஒரு காகிதத்தைக் கொடுத்து, கடிகாரம் வரைந்து முள்ளைப் பதினொன்று பத்துக்கு வைக்கச் சொன்னார். வாழ்நாள் முழுக்க வரைந்து சாப்பிட்டவளிடம் கடிகாரமா என்று சிரிப்புதான் வந்தது. வட்டம் வெறும் கையிலேயே அச்சடித்த மாதிரி விழுந்தது. எண்களும் சரியான இடைவெளியில். பிறகு முள். பதினொன்று தெரிகிறது, பத்தும் தெரிகிறது. பெரிய முள்ளைப் பத்தின்மேல் வைத்தேன். ஏதோ தப்பு என்று தெரிந்தது, என்ன தப்பு என்று தெரியவில்லை. இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இன்னும் சோதனைகள் இருக்கின்றன. ஆரம்பம்தான், மாத்திரையால் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்கிறார் டாக்டரம்மா. தள்ளித்தான் போடலாம்.

ஜூன் 5, வெள்ளி

மானேஜரிடம் நானே சொன்னேன். முடிகிற வரைக்கும் வாருங்கள், சுருட்டையின் வேலையைச் சரிபார்த்துக் கொடுங்கள் என்றார். பிறகு சிஸ்டம்காரரிடம் போய், இறுதி வரைபடங்கள் இருக்கிற இடத்தில் எனக்குப் படிக்க மட்டும் அனுமதி கொடுங்கள், எழுதுகிற அனுமதியை எடுத்துவிடுங்கள் என்றேன். பழைய ஏற்பாடாக இருந்தால் உங்களுக்கு எடுத்தால் எல்லோருக்கும் போயிருக்கும், இப்போது உங்களுக்கு மட்டும் எடுக்கலாம் என்றார். எடுத்தார். ஒரு கோடு போட்டுச் சேமித்துப் பார்த்தேன். அனுமதி இல்லை என்று வந்தது. சரியாக இருக்கிறது என்றேன்.

சாயங்காலம் பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டேன். வாடை வந்து ஓடினால், பொங்கி வழிந்து அடுப்பெல்லாம் கறுப்பு. இவர் எனக்கு முன்னாலேயே வந்து அணைத்திருந்தார்.

"நான்தான் தீயைக் கூட்டி வச்சுட்டேன்" என்றார்.

"இல்லங்க. அது என் பேர்லயே இருக்கட்டும்" என்றேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு சரி என்றார். இரண்டு பேருமாக அடுப்பைத் துடைத்தோம்.